கோவில்பட்டி கடலைமிட்டாய்: பாகு பதத்தின் அறிவியல்

கோவில்பட்டிப் பக்கம் திருவிழாக் காலங்களில் கருப்பட்டிப் பாகில் கடலை போட்டு மிட்டாய் பிடிப்பது பழைய வழக்கம். 1940களில் அங்கே மளிகைக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார், கருப்பட்டிக்குப் பதிலாகக் கரும்பு வெல்லத்தில் செய்து கடையில் விற்றார். திருவிழாப் பண்டம் அன்றாடத் தின்பண்டமானது. பிறகு ஒவ்வொரு குடும்பமாக இந்தத் தொழிலில் இறங்க, கடலைமிட்டாய் என்றாலே கோவில்பட்டி என்றாகி, 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தக் குடும்பங்களில் அப்பாவிடமிருந்து பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான வித்தை பாகு பதம். தண்ணீரை எந்த அளவுக்கு வெளியேற்றுவது என்பதுதான் அதன் சூட்சுமம்.

வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி அடுப்பில் ஏற்றுகிறார்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சர்க்கரைக் கரைசலோ, நீர் ஆவியாக ஆவியாகக் கெட்டிப்பட்டு, கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். 115 டிகிரிக்கு மேல் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் விரலில் உருட்ட வரும். மிட்டாய்க்கு அது போதாது. 140 டிகிரியைத் தாண்டும்போது பாகில் நூற்றுக்குச் சில பங்கு நீர்தான் மிஞ்சும்; அப்போது தண்ணீரில் விட்டெடுத்த உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்'கென்று கேட்கும். வெப்பமானி இல்லாமலே ஈரப்பதத்தைக் காதால் அளக்கும் இந்த முறையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அந்தப் பாகு ஆறும்போது, சர்க்கரை மூலக்கூறுகள் வரிசையாக அமைந்து படிகமாக நேரம் கிடைப்பதில்லை. நின்ற இடத்திலேயே தாறுமாறாக உறைந்துவிடுகின்றன. இயற்பியலில் இதற்குக் கண்ணாடி நிலை என்று பெயர். மிட்டாய் பளபளப்பதும், கடித்தால் 'கடக்' என்று உடைவதும் அதனால்தான்.

வெல்லத்தில் சுக்ரோஸோடு, அதாவது சாதாரணச் சர்க்கரையோடு, கொஞ்சம் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் உண்டு. இவை நடுவில் புகுந்து சுக்ரோஸைப் படிகமாக விடாமல் தடுக்கும். ஆனால் அளவு மீறினால் கெடுதல். ஈரமில்லாத சுக்ரோஸ் கண்ணாடி ஏறத்தாழ 60 டிகிரி வரை இறுகியே இருக்கும். குளுக்கோஸ் கண்ணாடி 30 டிகிரி வாக்கிலேயே இளகும். ஃப்ரக்டோஸுக்கு நம் ஊர் வெயில் தாங்கவே தாங்காது. வெல்லத்துக்கு வெல்லம் இந்த அளவு மாறுவதால், தேனிப் பக்கத்து வெல்லம்தான் வேண்டும் என்று பார்த்து வாங்குவதை வெறும் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. ருசிக்குக் காரணம் தாமிரபரணித் தண்ணீர் என்றும் ஊரில் சொல்வார்கள். ஊற்றிய நீரில் பெரும்பகுதி ஆவியாகி, அதில் கரைந்திருந்த உப்புகளே தங்குவதால், நான் வெல்லத்துக்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

கடலைக்கும் பங்கு உண்டு. கரிசல் காட்டில் விளைந்த கடலையைப் பக்குவமாக வறுக்கும்போது, அதிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து அந்த வாசனை பிறக்கிறது. வறுவல் குறைந்தால் வாசனை குறைவதோடு நிற்காது; பருப்பில் மிஞ்சிய ஈரம் மெல்லப் பாகுக்குள் இறங்கி, மிட்டாயை உள்ளிருந்தே இளக்கும். பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். காற்றுப் பட்டால் அது காறிப்போகும். மேலே மூடியிருக்கும் வெல்லக் கண்ணாடி அதை ஓரளவு தடுக்கிறது.

கடலையைப் பாகில் கொட்டிக் கிளறியபின் நேரம் மிகக் குறைவு. சூட்டோடு பலகையில் பரப்பி, உருளையால் தேய்த்து, இளக்கம் போவதற்குள் வெட்டியாக வேண்டும். ஆறிவிட்டால் துண்டு வராது, நொறுங்கும். கோவில்பட்டி மிட்டாயின் அடையாளமான வண்ணத் தேங்காய்ப்பூவும் மேலே தூவப்படும்.

மிச்சமிருக்கும் எதிரி ஐப்பசி, கார்த்திகைக் காற்று. ஈரக் காற்றில் திறந்து வைத்த மிட்டாய் நீரை இழுத்துக்கொள்ளும்; நீர் ஏற ஏறக் கண்ணாடி இளகும் வெப்பநிலை இறங்கி, அறைச் சூட்டிலேயே மிட்டாய் நமுத்துப் பிசுபிசுக்கும். பாக்கெட்டைப் பிரித்ததும் மிச்சத்தை இறுக மூடும் டப்பாவில் போட்டுவிடுங்கள்.