ஊசவில்லை, காறியிருக்கிறது: தனி ஒருவரும் ஒரு முழு வான்கோழியும்

தனியாக வசிக்கும் வாசகர் ஒருவர், 5 கிலோ எடையுள்ள முழு வான்கோழி ஒன்றை வாட்டி முதல் நாள் நிறைவாக உண்டதாகவும், மறுநாள் அதே இறைச்சியைச் சூடாக்கியபோது நனைந்த அட்டைப்பெட்டியை முகர்ந்ததுபோன்ற ஒரு வாடை எழுந்ததாகவும் எழுதி, குளிர்பதனப் பெட்டியில் ஒழுங்காக மூடிவைத்த உணவு ஒரே இரவில் எப்படி ஊசிப்போகும் என்று கேட்டிருந்தார். அது ஊசவில்லை, காறியிருக்கிறது. ஊசுதல் நுண்ணுயிரிகளின் வேலை, காறுதல் ஆக்சிஜனின் வேலை. எண்ணெய் காறிப்போவதை நாம் அனைவரும் அறிவோம். சமைத்த இறைச்சியும் அவ்வாறே, எண்ணெயைவிடப் பன்மடங்கு விரைவாகக் காறும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

நுண்ணுயிரிகளின் பக்கத்தை முதலில் சுருக்கமாக முடித்துவிடலாம். சமையல் சூட்டையும் தாங்கி நிற்கும் வித்துகளைக் கொண்ட க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்னும் பாக்டீரியா, 45 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெதுவெதுப்பில் ஏறத்தாழ 10 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகக் கூடியது. ஆகவே சமைத்த இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத பெட்டிகளில் பரப்பிக் குளிரில் வைத்துவிட வேண்டும். ஒரு துண்டின் தடிமன் இருமடங்கானால் அது ஆறுவதற்கு ஏறக்குறைய நான்கு மடங்கு நேரமாகும் என்பதால், முழுப் பறவையை அப்படியே மூடிவைப்பது பாக்டீரியாவுக்கு மெத்தை விரித்துக் கொடுப்பதற்குச் சமம். சூடான பண்டத்தைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால் கெட்டுவிடும் என்ற நம்பிக்கையைப் படித்தவர்களும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு வியப்பளிக்கிறது. அதை நம்பி மேசைமேல் நள்ளிரவுவரை ஆறவிடப்படும் உணவுதான் உண்மையில் கெடுகிறது. 4 டிகிரியில் வைத்த சமைத்த வான்கோழி மூன்று, நான்கு நாள்களுக்குப் பாதுகாப்பானது.

இனி வாடைக்கு வருவோம். தோலுக்கடியில் கண்ணுக்குத் தெரியும் கொழுப்பு இதில் பெரிய குற்றவாளி அன்று. தசைச் செல்லின் சவ்வில் பாஸ்போலிப்பிட் என்னும் மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கிறது. அதிலுள்ள கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுக்கு மேற்பட்டு அமைந்திருக்கும். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே அகப்பட்ட கார்பன் அணு, தன் ஹைட்ரஜனை மிகத் தளர்வாகவே பிடித்திருக்கிறது. உயிருள்ள தசையில் இந்த ஹைட்ரஜனைக் காக்கப் பல ஏற்பாடுகள் உண்டு. சமைக்கும்போது சவ்வு கிழிகிறது; இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் குலைந்து, அதுவரை பூட்டிவைத்திருந்த இரும்பை வெளியே விடுகிறது. எங்கிருந்தோ வரும் ஒரு தனி உறுப்பு (free radical), அதாவது இணையில்லாத எலக்ட்ரானோடு துடிக்கும் ஒரு மூலக்கூறு, அந்தத் தளர்ந்த ஹைட்ரஜனைப் பறிக்கிறது. ஹைட்ரஜனை இழந்த கொழுப்பு அமிலம் தானே ஒரு தனி உறுப்பாகி, அருகில் வந்த ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, அடுத்த கொழுப்பு அமிலத்திடமிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பறிகொடுத்தவன் பறிப்பவனாகிறான்; சங்கிலி நீள்கிறது. இந்தச் சங்கிலி விட்டுச்செல்லும் பெராக்சைடுகளை, அதாவது ஆக்சிஜன் ஏறிய கொழுப்பு அமிலங்களை, விடுபட்ட இரும்பு உடைக்க, அவற்றிலிருந்து புதிய தனி உறுப்புகளும் ஹெக்ஸனால் போன்ற சிறு மூலக்கூறுகளும் பிறக்கின்றன. ஆறே கார்பன்களைக் கொண்ட ஹெக்ஸனால், வெட்டிய புல்லின் வாசனைக்கும் காரணமான பொருள். புல்வெளியில் இனிமையாகத் தோன்றுவது இறைச்சியில் தன் இனத்தைச் சேர்ந்த மற்ற ஆல்டிஹைடுகளோடு சேரும்போது அட்டை வாடையாகிறது.

இந்த நாடகத்துக்கு வான்கோழி ஏன் இவ்வளவு பொருத்தமான மேடையாகிறது? சங்கிலியின் நடுவே புகுந்து, தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அதை அறுத்துவிடும் ஆற்றல் வைட்டமின் ஈ என்னும் பொருளுக்கு உண்டு. ஒரே தீவனத்தை இட்டாலும் கோழி சேமிக்கும் அளவு வைட்டமின் ஈயை வான்கோழி தன் தசையில் சேமிப்பதில்லை. தொடைக்கறியில் மயோகுளோபினும் பாஸ்போலிப்பிடும் மிகுதி என்பதால் அது நெஞ்சுக்கறியைவிட விரைவாகக் காறும். உலர்ந்துபோகுமே என்று அஞ்சி நெஞ்சுக்கறியை முதலில் தீர்த்துவிட்டுத் தொடையை மூன்றாம் நாளுக்கு ஒதுக்கிவைப்பது, வாடையைப் பொறுத்தவரை தலைகீழான வரிசையாகும்.

1958ஆம் ஆண்டில் டிம்ஸ், வாட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் இந்த மறுசூட்டு வாடைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சூட்டினர். சமையலறை வாடையை ஆராய நிதி கேட்டால் புன்னகைக்கும் குழுக்கள், இதே சங்கிலி வினை நம் உடலின் செல் சவ்வுகளிலும் நிகழ்கிறது என்று சொன்னவுடன் நிமிர்ந்து உட்காருவதை நான் சற்று எரிச்சலோடுதான் பார்க்கிறேன். வேதியியல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வினை புரிந்துவிட்டால் தனி ஒருவரின் திட்டம் தானாகவே அமையும். சவ்வு கிழியாத பச்சை இறைச்சி மிக மெதுவாகவே காறும். மைனஸ் 18 டிகிரியில் பச்சைத் துண்டுகள் 9 மாதம்வரை தரம் குன்றாதிருக்க, சமைத்தவை சில மாதங்களிலேயே சுவை இழக்கின்றன. எனவே முழுப் பறவையையும் ஒரே நாளில் வாட்டுவதைவிட, பச்சையாகவே அதைப் பிரித்துவிடுவது மேல். உறைந்த 5 கிலோப் பறவை குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே உருகுவதற்கு இரண்டரை முதல் மூன்று நாள் பிடிக்கும். அவ்வாறு குளிரிலேயே உருகியதை மீண்டும் உறையவைப்பதில் ஆபத்தில்லை, சற்று நீர் வடியும், அவ்வளவுதான். ஒரு தொடையை அன்றைக்கு எடுத்துக்கொண்டு, மற்றவற்றை ஒருவேளைப் பொட்டலங்களாகக் காற்றை நன்கு பிதுக்கி வெளியேற்றி உறையவைக்கலாம்.

மிஞ்சும் கூடு, கழுத்து, இறக்கை நுனி, தோல் ஆகியவற்றில்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இருக்கிறது. இவற்றைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே மூன்று, நான்கு மணி நேரம் வேகவிட்டால், மூன்று இழை முறுக்கிய கயிறுபோன்ற கொலாஜன் பிரிந்து ஜெலட்டினாகிச் சாற்றில் கரைகிறது. சாறு ஆறும்போது இழைகள் ஆங்காங்கே மீண்டும் முறுக்கிக்கொள்வதால் ஒரு வலை உருவாகி, நீரைப் பிடித்துவைத்துக் கூழ்மமாக உறைகிறது. சமைத்த இறைச்சித் துண்டுகள் முழுவதும் மூழ்குமாறு இச்சாற்றை ஊற்றிவைத்தால், ஆக்சிஜனுக்கு வழி ஏறத்தாழ அடைபட்டுவிடும். காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் ஆக்சிஜன் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்திலேயே பரவுகிறது. நீரில் அது கரைவதும் சொற்பமே, அறை வெப்பநிலையில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான். நெடுநேரம் வெந்த சாற்றிலிருந்து அதிலும் பெரும்பகுதி ஏற்கெனவே வெளியேறியிருக்கும். சாறு திரவமாக இருக்கும்வரை அசைந்து ஆக்சிஜனைச் சுமந்துவரலாம். கூழ்மமாக உறைந்தபின் அந்த அசைவும் இல்லை.

ஒருமுறை ஒரே தொடையின் துண்டுகளை இரண்டு பெட்டிகளாகப் பிரித்து, ஒன்றை வெறுமனே மூடியும், மற்றொன்றில் சாறு ஊற்றியும் வைத்தேன். மூன்றாம் நாள் இரண்டையும் சூடாக்கியபோது, முதல் பெட்டியின் மூடியைத் திறந்தவுடனேயே மூக்கு சொல்லிவிட்டது. இரண்டாவதில், கரண்டி தட்டியதும் ததும்பி ஆடிய பழுப்புநிறக் கூழ்மம் உருகி, சூப்பின் மணமே எழுந்தது. சாற்றில் நான்கு மிளகும் இரண்டு கிராம்பும் இட்டிருந்தேன். கிராம்பிலுள்ள யூஜினால், வைட்டமின் ஈயைப் போலவே ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கக்கூடியது. உப்பு காறுதலைத் தூண்டும் என்பதால், அதைச் சாற்றில் இடாமல், அன்றன்றைக்கு வேண்டிய பங்கை மட்டும் எடுத்து 74 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே சேர்த்துக்கொண்டேன்.