அவசரப்படும் கருமுட்டை

மாதவரத்துக்கு அருகே கறவை மாடுகள் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆய்வகத்தில் மாட்டின் கருமுட்டையை முதிர வைக்கும்போது ஸ்டெம் செல் சேர்க்கிறார்களாமே. அப்படியானால் பிறக்கும் கன்று முட்டை கொடுத்த மாட்டுடையதா, ஸ்டெம் செல் கொடுத்த மாட்டுடையதா?"

முட்டை கொடுத்த மாட்டுடையதுதான், ஐயா. பதில் ஒரு வரியில் முடிந்துவிட்டது. ஆனால் பல வகைச் செல்களாக மாறக்கூடிய செல் என்பதால், ஸ்டெம் செல் என்று சொன்னாலே அது வேறொன்றாக மாறியே தீரும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. இந்த வேலையில் அது எதுவாகவும் மாறுவதில்லை. அப்புறம் எதற்கு அது என்று சொல்ல, முட்டையிலிருந்து தொடங்க வேண்டும்.

பசு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். வழக்கமாக ஒரு முட்டைதான் வெளியே வரும். சினைப்பைக்குள் இருப்பவையோ ஆயிரக்கணக்கில். நல்ல கறவையின் முட்டைகளை ஊசியால் உறிஞ்சி எடுத்து, வெளியே முதிர வைத்து, விந்தணு சேர்த்து, கருவை வேறொரு மாட்டின் கருப்பையில் வைப்பதுதான் சோதனைக் குழாய்க் கன்று முறை. ஆராய்ச்சிக்கு மட்டும் என்றால் இறைச்சிக்கூடத்தில் வீணாகப் போகும் சினைப்பைகளே போதும். இளஞ்சூடான உப்புக் கரைசல் ஊற்றிய பிளாஸ்கில் போட்டு, காலை வெயில் ஏறுவதற்குள் ஆய்வகம் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

நகரத்து ஆய்வகம் ஒன்றில் நுண்ணோக்கி வழியே அதைப் பார்த்திருக்கிறேன். முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதைச் சுற்றி கியூமுலஸ் செல்கள் அடை அடையாக, ஜவ்வரிசி ஒட்டிக்கொண்டது போல அப்பியிருந்தன. மறுநாள் பார்த்தபோது அதே செல்கள் பிசுபிசுப்பான கூழில் மிதந்து, கட்டவிழ்ந்த மல்லிகைச் சரம் போல உதிர்ந்து விரிந்திருந்தன. இந்த விரிதலை வைத்துத்தான் "நன்றாக வந்திருக்கிறது" என்று கண்ணாலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இடையில் உள்ளே நடப்பதுதான் எனக்கு அலுக்காத கதை.

பள்ளியில் படித்த குன்றல் பகுப்பு நினைவிருக்கும். குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் அந்தப் பகுப்பை முட்டை தொடங்குவது, அந்தப் பசு தன் தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே. தொடங்கிய வேகத்தில் பாதியில் நின்றும்விடுகிறது. வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். அதை நிறுத்தி வைப்பது சுற்றியிருக்கும் செல்கள். அவை சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறைத் தயாரித்து, செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான நுண்துளைகள் வழியே முட்டைக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. முட்டைக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற இன்னொரு மூலக்கூறு உண்டு. அதன் அளவு உயர்ந்திருக்கும்வரை பகுப்பு ஓர் அடி நகராது. அதைச் சிதைக்கும் நொதியும் முட்டைக்குள்ளேயே தயாராக இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஜிஎம்பி அந்த நொதியின் கையைக் கட்டி வைத்திருக்கிறது. பருவத்தில், முட்டையை வெளியேறத் தூண்டும் எல்எச் ஹார்மோன் பொங்கும்போது ஜிஎம்பி வரத்து குறையும்; நொதியின் கட்டு அவிழும்; ஏஎம்பி சிதையும்; உட்கருச் சவ்வு கரையும்; பாதிக் குரோமோசோம்களைத் துருவ உறுப்பு என்ற சிறு உருண்டையாக முட்டை வெளியே தள்ளும். பிரேக்கைப் போட்டிருக்கும் கால் முட்டையுடையதே இல்லை, அக்கம்பக்கத்தாருடையது!

அந்த அக்கம்பக்கத்திலிருந்து முட்டையைப் பிரித்து வெளியே எடுத்தால்? முயல் முட்டை எந்த ஹார்மோனுக்கும் காத்திராமல் தானாக முதிரத் தொடங்குவதை 1935-இல் கிரிகரி பிங்கஸ், என்ஸ்மான் என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். மனிதர் உட்படப் பல விலங்குகளின் முட்டைகளும் இப்படித்தான் என்று 1965-இல் காட்டியவர் ராபர்ட் எட்வர்ட்ஸ். சோதனைக் குழாய்க் குழந்தைக்காக 2010-இல் நோபல் பரிசு பெற்ற அதே எட்வர்ட்ஸ்.

தானாக முதிர்ந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஒவ்வொரு கோடையிலும் கோயம்பேட்டில் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழங்களைப் பறிமுதல் செய்கிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தோல் மஞ்சள், கொட்டைப் பக்கம் புளிப்பு. தட்டில் கிடக்கும் முட்டையிலும் உட்கரு ஒரே நாளில் வேலையை முடித்துவிடுகிறது. உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசமோ கரு வளர்க்கத் தேவையான சரக்கைச் சேர்த்து முடிக்கவில்லை. மாட்டு முட்டை நூறை முதிர வைத்தால் எண்பதுக்கு மேல் உட்கரு முதிர்கிறது. ஏழெட்டு நாள் வளர்ந்து, கருப்பையில் வைக்கத் தகுந்த கருவாக ஆவது முப்பது, நாற்பதுதான். மாட்டின் உடலுக்குள்ளேயே முதிர்ந்த முட்டையை எடுத்து அதே ஆய்வகத்தில் வளர்த்தால் தேறுபவை தெளிவாகக் கூடுகின்றன. ஆகவே கோளாறு பெருமளவு அந்த முதல் 24 மணி நேரத்தில் இருக்கிறது.

அந்த 24 மணி நேரத்துக்குத் துணையாகத்தான் ஸ்டெம் செல் வருகிறது. கொழுப்பு, எலும்பு மஜ்ஜை, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் மீசென்கைம் ஸ்டெம் செல்கள் வளர்ச்சிக் காரணிகளையும், எக்சோசோம் என்ற நுண்பைகளையும் ஓயாமல் சுரப்பவை. முட்டைகளோடு ஒரே கிண்ணத்தில், நடுவே துளையுள்ள சவ்வுத் தடுப்பு வைத்து வளர்க்கலாம். இன்னும் எளிய வழி, அந்தச் செல்களை ஒன்றிரண்டு நாள் வளர்த்த திரவத்தை மட்டும் வடிகட்டி முட்டைக்கு ஊற்றுவது. இரண்டாவது வழியில் ஸ்டெம் செல் முட்டையைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. கன்று யாருடையது என்ற ஐயமே எழாது.

அந்தத் திரவம் கியூமுலஸ் செல்களை ஊட்டமாக வைக்கிறது. முட்டைக்குக் குளுக்கோஸை நேரடியாகச் செரிக்கத் திறன் குறைவு. கியூமுலஸ் செல்கள்தான் அதைப் பைருவேட்டாக உடைத்து, உறையைத் துளைத்துச் செல்லும் நூல் போன்ற நீட்சிகள் வழியே ஊட்டுகின்றன. தாதி தெம்பாக இருந்தால் பிள்ளை தேறும். முட்டையைக் கெடுக்கும் ஆக்சிஜன் கழிவுகளும் மட்டுப்படுகின்றன. இந்த வகைச் செல்லுக்கு 1991-இல் பெயர் வைத்த ஆர்னால்டு காப்லானே, 2017-இல் "இதன் பெயரை மாற்றுங்கள், இது சமிக்ஞை அனுப்பும் செல்" என்று எழுதினார். எனக்கு அவர் கட்சிதான்.

ஆனால் இது கஷாயம் போன்றது. பத்து மூலிகை போட்டுக் காய்ச்சிக் குடித்துச் சளி தீர்ந்தால், தீர்த்தது சுக்கா மிளகா? எந்த விலங்கு, எந்தத் திசு, எத்தனை சதவீதம் திரவம் என்பதைப் பொறுத்து முடிவுகள் மாறுகின்றன. சேர்மானங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது சலிப்பூட்டும், பல வருட வேலை. உலகின் முதல் சோதனைக் குழாய் எருமைக் கன்று 1990-இல் ஹரியானாவின் கர்னாலில் பிறந்தது, நாடே கொண்டாடியது. 'முதல்' என்ற சொல்லுக்குக் கிடைக்கிற பணம், 'எது வேலை செய்கிறது' என்ற கேள்விக்குக் கிடைப்பதில்லை. நான் பார்த்த ஆய்வகத்தில் செல் வளர்க்கத் தேவையான சீரம் வாங்கும் கோப்பு ஏழு மாதமாகக் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

மறுபுறம், முழங்கால் வலிக்கு ஸ்டெம் செல் என்று விளம்பரப் பலகைகள் வைக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறிகள், ரத்தம் உருவாக்கும் ஸ்டெம் செல்லை ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே சிகிச்சையாக ஏற்கின்றன. மற்றவை முறையான சோதனைக்குள் நடக்க வேண்டும். மாட்டு முட்டைக்கே இன்னும் அளவு பிடிபடாத சரக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பலகைகளைப் படியுங்கள்.

வாசகர் கடிதத்தின் அடியில் இன்னொரு வரி: "தொப்புள்கொடியில் அவ்வளவு சத்து என்றால், நஞ்சுக்கொடியை ஆலமரத்தில் கட்டும் எங்கள் வழக்கம் சரிதானே?" பால் வடியும் மரத்தில் கட்டினால் பசுவுக்குப் பால் பெருகும் என்று நம்பிக் கட்டுகிறோம். செல்கள் சீக்கிரமே கெட்டுவிடும். மரத்துக்கும் மடிக்கும் தொடர்பில்லை. கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லா கிருமி தொற்றிய மாடாக இருந்தால் கிருமி மிக அதிகமாக இருப்பது நஞ்சுக்கொடியில்தான். அது மனிதருக்கும் தொற்றும். கையுறை போட்டு எடுத்து, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள், ஐயா.