டிப்ரஷன்: அழுத்தமா, சோர்வா?

அதிப் கொர்ரம் எழுதி 2018-இல் வெளிவந்த ‘டேரியஸ் த கிரேட் இஸ் நாட் ஓகே’ என்னும் இளையோர் நாவலை மறுபடியும் வாசிக்கையில், முதல் வாசிப்பில் நிற்காமல் கடந்துபோன ஒரு சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. போர்ட்லண்டில் வாழும் மாணவன் டேரியசுக்கும் அவன் தந்தைக்கும் டிப்ரஷன். இருவரும் மாத்திரை உட்கொள்கிறார்கள். இரவில் அருகருகே அமர்ந்து ‘ஸ்டார் டிரெக்’ பார்க்கும் நேரம் போக, தந்தையையும் மகனையும் இணைப்பது அந்த நோய்தான் என்றே எனக்குத் தோன்றியது. அச்சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘கீழே அழுத்துதல்’ என்னும் பொருளுடைய ‘டெப்ரிமெரே’ என்ற இலத்தீன் வினையே அதன் வேர். அதற்கு முன்பு மேலை மருத்துவம் ‘மெலங்கோலியா’ என்றது. கிரேக்கத்தில் அது கரும்பித்தம். (பித்தம் தலைக்கேறியது என்று நாமும் சொல்பவர்கள்தாமே!) இதே டிப்ரஷன் வானிலை அறிக்கையில் ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ ஆகிறது, 1930-களின் பொருளாதார வரலாற்றில் ‘பெருமந்தம்’ ஆகிறது. இடத்துக்கேற்ற சொல்லை அங்கெல்லாம் கண்டுபிடித்துக்கொண்ட நாம், மனத்துக்கு வரும்போதுதான் தடுமாறுகிறோம்.

வேர்ச்சொல்லை நம்பினால் ‘மன அழுத்தம்’ பொருத்தமாகத் தெரியும்; செய்தித்தாள்களும் அப்படியே எழுதுகின்றன. ஆனால் அச்சொல்லை நாம் ஏற்கெனவே ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்குக் கொடுத்துவிட்டோம். அதைவிடப் பெரிய இடர், அழுத்தம் என்றதுமே அழுத்துவது எது என்ற கேள்வி எழுவதுதான்: தேர்வா, கடனா, வீட்டில் சண்டையா? காரணம் காட்ட முடியாமலே வாடும் ஒரு பையனிடம் இக்கேள்வியைக் கேட்பது, அவன் பொய் சொல்கிறான் என்று சொல்வதற்குச் சமம்.

ஆகவே ‘மனச்சோர்வு’ என்பதே சரியான சொல். கண்ணீர் சோர்தல், கூந்தல் சோர்தல் என்னும் பழைய வழக்குகளில் சோர்தல் என்பது பிடிப்பு விட்டு நழுவுதல். ‘சொலல்வல்லன் சோர்விலன் அஞ்சான்’ என்னும் குறளில் சோர்விலன் என்பதற்கு மறதி இல்லாதவன் என்று உரை கொள்வதும் உண்டு. அழுத்தத்துக்கு வெளியே ஒருவர் வேண்டும், சோர்வு உள்ளிருந்தே நழுவுவது. டேரியசின் தாய் பிறந்த ஈரானில் இந்நோய்க்கு வழங்கும் ‘அப்சொர்தெகி’ என்ற பாரசீகச் சொல்லும், உறைதல், வாடுதல் என்னும் பொருள்களைத் தரும் வினையிலிருந்து பிறந்தது. அழுத்துபவர் அதிலும் இல்லை.

‘மனத்தளர்ச்சி’ நோயின் கனத்தைத் தாங்காது, ‘விரக்தி’ வேறு.

எனினும் ‘சோர்வு’ என்றால், தூங்கி எழுந்தால் போய்விடும் என்று வீட்டார் நினைத்துக்கொள்ள இடமுண்டு. மருத்துவம் இதை நோய் என்று கணிப்பதற்கு, அறிகுறிகள் குறைந்தது 2 வாரங்கள் அநேகமாக நாள்தோறும் நீடித்திருக்க வேண்டும். ஆதலால் ‘அவன் மனம் சோர்ந்திருக்கிறான்’ என்பதையும் ‘அவனுக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது’ என்பதையும் வேறுபடுத்தியே எழுத வேண்டும். டேரியசுக்கும் அவன் தந்தைக்கும் உரியது இரண்டாவது வாக்கியம்.