‘நீங்க இல்லன்னா ஓடாது’ என்று சொன்னால் கவனமாக இருங்கள்

பதவி உயர்வு பற்றிப் பேசும் கூட்டங்களில் சில வருடங்களாக உட்கார்ந்து வருகிறேன். அங்கே ஒரு மென்பொருள் பொறியாளரின் பெயர் வரும். திறமைசாலி, குறை சொல்ல ஆளில்லை. புதிய திட்டம் ஒன்றை அவர் பொறுப்பில் விடலாமா என்று யாராவது கேட்பார்கள். அவருடைய மேலாளர் நெளிவார். “அவரை எடுத்துட்டா பில்லிங்கை யார் பாக்கறது?” அவ்வளவுதான், பேச்சு அடுத்த பெயருக்குப் போய்விடும். அந்த மனிதருக்கு இது தெரியவே தெரியாது. ராத்திரி போன் வந்தாலும் எடுக்கிறோம், விடுப்பிலும் லேப்டாப்போடுதான் போகிறோம், இன்னும் என்னதான் செய்வது என்று அவர் குழம்பிக்கொண்டிருப்பார்.

வேலையில் மேலே வர வேண்டுமென்றால் சொந்த வாழ்க்கையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நான் பார்த்தவரை, பொறியாளர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: ஒரு சிஸ்டத்தின் உள்விவரம் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருப்பது.

யாரும் திட்டம் போட்டு இந்த நிலைக்கு வருவதில்லை. அவசரத்துக்கு ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதுகிறீர்கள். மாதக் கடைசியில் அதை ஓட்ட வேண்டும். இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் நாமே நாலு தடவை ஓட்டிவிடலாமே என்று தோன்றும். அன்றைக்கு அந்தக் கணக்கு சரிதான். ஒரு வருடம் போனால், அந்த ஸ்கிரிப்டைப் பற்றி யார் கேட்டாலும் உங்கள் பக்கம் கை காட்டுவார்கள்.

“ரன்புக் எழுதி வைத்திருக்கிறேனே” என்பவர்களும் உண்டு. ரன்புக் என்றால், ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதிய குறிப்பு. அப்படி ஒன்றை எடுத்துப் பார்ப்போம். ‘கேஷைக் காலி செய்துவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யவும்’ என்று ஒரு வரி இருக்கும். (கேஷ் என்பது அடிக்கடி தேவைப்படும் தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்.) எழுதியவருக்கு அது போதும். அந்த சிஸ்டத்தில் மூன்று கேஷ்கள் இருப்பதும், அதில் ஒன்றைத் தொட்டால் டேட்டாபேஸ் திணறும் என்பதும், ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் க்யூ (காத்திருக்கும் வேலைகளின் வரிசை) வடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் அவர் கை பழகிய சமாச்சாரம். அதனாலேயே எழுதத் தோன்றியிருக்காது. ஆகவே ரன்புக்கை எழுதியவரே சரிபார்ப்பதில் பயனில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்தவரை, ஒரு சாதாரணப் பகல் நேரத்தில், டெஸ்ட் சூழலில் அதைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். அவர் எங்கே உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கே ஒரு வரி குறைகிறது. (வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.)

எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் நம்மை அனுப்பிவிட மாட்டார்களா என்ற பயம் நியாயமானது. ஆனால் ஆட்குறைப்புப் பட்டியலைப் பல நேரம் நாலு படி மேலே இருப்பவர்கள் போடுகிறார்கள். உங்கள் ஸ்கிரிப்ட் ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதைப் பூட்டி வைத்திருப்பது உங்களைக் காப்பாற்றாது. அடுத்த வேலைக்கு நகர விடாமல் வேண்டுமானால் செய்யும்.

நேரக் கணக்குக்கு வருவோம். முதல் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் வெடிமருந்துத் தொழிற்சாலைப் பதிவேடுகளை ஆராய்ந்து, பொருளாதார அறிஞர் ஜான் பென்காவெல் 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வாரம் 70 மணி நேரம் உழைத்துக் கிடைத்த உற்பத்தி, 56 மணி நேர உற்பத்தியைவிடப் பெரிதாகக் கூடவில்லை. அது கைவேலை. நம் வேலையில் களைத்த தலையோடு எழுதிய கோட் உற்பத்தியில் சேராது என்பது மட்டுமல்ல, மறுநாள் இரண்டு பேரின் நேரத்தையும் தின்னும். 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்று 2000-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு பதினொன்று அந்த நேரம். எத்தனை ப்ரொடக்‌ஷன் ரிலீஸ்களை (பயனர்கள் கைக்குப் போகும் புது வெளியீடுகளை) நாம் அதற்குப் பிறகு செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

உடம்புக்கு வரும் கேடும் சின்னதல்ல. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 சதவீதமும் அதிகம்.

‘பர்ன்-அவுட்’ என்பதை உலக சுகாதார நிறுவனம் தன் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகக் குறித்திருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறது: சோர்வு, வேலையிலிருந்து மனம் விலகி வரும் கசப்பு, வேலைத்திறன் குறைந்துபோவது. சோர்வு எல்லார் கண்ணிலும் படும். நான் கவனிப்பது இரண்டாவதை. கோட் ரிவியூவில், அதாவது ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் சரிபார்க்கும்போது, அது சீக்கிரம் தெரிந்துவிடும். வரிவரியாகக் கேள்வி கேட்டவர் திடீரென்று எதையும் படிக்காமல் ‘எல்ஜிடிஎம்’ (எனக்குச் சரியாகத் தெரிகிறது) என்று போட ஆரம்பிப்பார். இல்லையென்றால் சின்னப் பிழைக்கும் சுள்ளென்று எழுதுவார். ‘இவர் முன்னெல்லாம் இப்படி இல்லையே’ என்று தோன்றினால் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டிய நேரம் அது. வருடாந்தர மதிப்பீடு வரட்டும் என்று காத்திருந்தால் கையில் ராஜினாமா கடிதம்தான் வரும்.

மேலாளரிடம் எப்படி மறுப்பது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ‘முடியாது’ என்றால் சண்டை, ‘சரி’ என்றால் சனிக்கிழமை போச்சு. “இதை எடுத்தா, கையில இருக்கிற ரெண்டுல எதைத் தள்ளி வைக்கலாம்?” என்று கேளுங்கள். முடிவு எடுக்க வேண்டியவர் அவர்தானே, அவரிடமே விடுங்கள். பதிலை ஒரு வரி மெயிலில் போட்டு வையுங்கள். அப்புறம், தீயணைத்த வேலைகளையும், அதாவது திடீர்க் கோளாறுகளைச் சரிசெய்ததையும், அன்றன்றைக்கே குறித்து வையுங்கள். மதிப்பீட்டு நேரத்தில் யாருக்கும் அவை நினைவிருக்காது, உங்களுக்கும்தான்.

புதிதாகக் கற்றுக்கொள்வதை ராத்திரிக்குத் தள்ளாதீர்கள். வேலைக்குள்ளேயே பழகாத ஒரு பகுதியைக் கேட்டு வாங்குங்கள். ராத்திரி பார்த்த வீடியோ படிப்பில் எவ்வளவு மனதில் நிற்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு செய்தும் மாறாத குழுக்கள் இருக்கின்றன. விடுப்பில் போனை அணைத்ததற்கே கடிந்துகொள்ளும் இடத்தில் ரன்புக் எழுதிப் பயனில்லை. அங்கிருந்து கிளம்புவதும் தொழில் வளர்ச்சிதான். அடுத்த நேர்காணலில் சம்பளம் பேசுவதற்கு முன் சில கேள்விகள் கேளுங்கள். ஆன்-கால் சுழற்சியில், அதாவது நேரம் காலமில்லாமல் வரும் கோளாறு அழைப்புகளை மாறி மாறி ஏற்பதில், எத்தனை பேர்? ஒரே இடத்தில் இருக்கும் குழுவென்றால் குறைந்தது 8 பேர் வேண்டும் என்பது கூகுளில் சிஸ்டங்களைத் தடையின்றி ஓட வைக்கும் எஸ்ஆர்இ குழுக்களின் நடைமுறை. சின்ன நிறுவனத்தில் அத்தனை பேரை எதிர்பார்க்க முடியாது, ஆனால் இரண்டு பேர் என்றால் உஷார். போன மாதம் ராத்திரியில் எத்தனை தடவை அலாரம் அடித்தது? கடைசியாக நீண்ட விடுப்பில் போனவரின் வேலையை யார் பார்த்தார்? மூன்றாவது கேள்விக்கு ஒரு ஆளின் பெயர் உடனே வந்தால் நல்லது. “அதெல்லாம் பார்த்துப்போம்” என்றால் வேறு இடமும் பாருங்கள்.