ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ

கரன்ட் பில்லில் யூனிட் என்று போட்டிருக்கிறதே, அதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் சூடாகவே இருந்தால் ஒரு யூனிட். அது நெய்வேலியிலிருந்து வந்தால் என்ன செலவு, கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் காற்றிலிருந்து வந்தால் என்ன செலவு? பணத்தைச் சொல்லவில்லை. மண்ணுக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் ஆகும் செலவைக் கேட்கிறேன்.

நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. கையில் எடுத்தால் மக்கிப்போன மரக்கட்டை மாதிரி இருக்கும். காய்ந்தால் பொடிந்துவிடும். எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதனால் எரியும்போது வெப்பத்தில் ஒரு பகுதி தன் ஈரத்தை ஆவியாக்கவே போய்விடுகிறது. ஒரு கிலோவை எரித்தால் சுமார் 2,600 கிலோகலோரி கிடைக்கும். ஒரு யூனிட் என்பது 860 கிலோகலோரி. கொதிகலனையும் டர்பைனையும் தாண்டி வருவதற்குள் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக மிஞ்சும். ஆக, யூனிட்டுக்கு ஒரு கிலோ.

அந்த ஒரு கிலோவில் கார்பன் கால் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. 12 கிராம் கார்பன் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகிறது. அதனால்தான் ஒரு கிலோ கரி எரிந்து ஏறக்குறைய ஒரு கிலோ வாயுவாகப் புகைபோக்கி வழியே போகிறது. சாம்பலும் கந்தக டை ஆக்சைடும் தனி.

என்னை அதிகம் உறுத்துவது புகைபோக்கியைவிடச் சுரங்கம்தான். ஒரு டன் கரியை எடுக்க அதன் மேல் கிடக்கும் ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அள்ள வேண்டும். நம் ஒரு யூனிட்டுக்குப் பத்து கிலோ மண் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு முடியவில்லை. கரிப் படுகைக்குக் கீழே மணல் அடுக்குகளில் தண்ணீர் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. மேலே இருக்கும் மண் பாரம்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. பாரத்தை அள்ளிவிட்டால் தண்ணீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். எனவே கரி வெட்டும் வரை ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. நெய்வேலியின் கதை அங்கேதான் தொடங்கியது. இன்று அதே வட்டாரத்து விவசாயிகள் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது என்கிறார்கள். 2023 ஜூலையில் சுரங்கத்தை விரிவாக்கப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலிலேயே மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. பயிரோடு வயலை இழப்பது எந்த பில்லிலும் வராத செலவு.

இனி ஆரல்வாய்மொழி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, வழி தேடி, இந்தக் கணவாயில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. குறுகிய வழி என்பதால் வேகம் கூடுகிறது. காற்றாலைக்கு வேகம்தான் எல்லாம். வேகம் இரட்டிப்பானால் காற்றிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். இறக்கைகள் 100 மீட்டர் அகலத்துக்குச் சுழலும் ஒரு காற்றாலை, நொடிக்கு 8 மீட்டர் காற்றில் மணிக்கு ஏறத்தாழ 1,000 யூனிட் தரும். அதாவது ஒரு டன் கரி மண்ணுக்குள்ளேயே இருந்துவிடும். காற்று 4 மீட்டராகக் குறைந்தால் அதே காற்றாலை 125 யூனிட்கூடத் தருவது கஷ்டம். காற்றிலுள்ள ஆற்றலை முழுக்கப் பிடிக்கவும் முடியாது. முழுக்கப் பிடித்தால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும், அடுத்த காற்று வர வழியிருக்காது. இயற்பியல் விதிப்படி 59 சதவீதமே உச்சவரம்பு.

காற்றாலைக்கும் செலவு உண்டு. கோபுரத்துக்கு இரும்பு, அடித்தளத்துக்கு கான்கிரீட் எல்லாம் எங்கோ கரி எரித்துச் செய்தவை. அதை ஆயுள் முழுக்கப் பங்கிட்டால் யூனிட்டுக்குப் பத்துப் பதினைந்து கிராம் கார்பன் டை ஆக்சைடு. அங்கே ஒரு கிலோ, இங்கே ஒரு கைப்பிடி சர்க்கரை அளவுகூட இல்லை. இறக்கையில் பறவைகள் அடிபடுகின்றன. ஓய்வுபெற்ற கண்ணாடியிழை இறக்கைகளை உருக்கி மறுபடி பயன்படுத்துவதும் எளிதல்ல. இவை உண்மையான குறைகள்தான். ஆனால் காற்றாலையின் காலடியில் உழலாம், விதைக்கலாம். வெட்டிக்கொண்டிருக்கும் சுரங்கத்தில் முடியாது.

பெரிய சிக்கல் பருவம். மே முதல் செப்டம்பர் வரை கொட்டித் தரும் காற்று அப்புறம் அடங்கிவிடுகிறது. சூரிய ஒளி மாலையில் கைவிடுகிறது. அந்த மாலை நேரத்துக்குக் கோவை மாவட்டம் காடம்பாறையில் ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள். 400 மெகாவாட் நிலையம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவது, தட்டுப்பாடான நேரத்தில் அதே தண்ணீரை இறக்கி டர்பைனைச் சுழற்றுவது. நூறு யூனிட் செலவழித்து ஏற்றினால் எழுபத்தைந்து, எண்பதுதான் திரும்பி வரும். அந்த இருபது யூனிட் நஷ்டத்தை நான் மனதாரத் தருவேன். மீதி எண்பது யூனிட் என்பது நெய்வேலியில் வெட்டாமல் விட்ட எண்பது கிலோ கரி, புரட்டாமல் விட்ட எண்ணூறு கிலோ மண்.