கண்கட்டு வித்தையில் கட்டப்படுவது எது?

கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு எப்போதாவது ஒரு பெரியவர் வருவார். வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து, மூன்று மரச் செப்புகளைக் கவிழ்த்து வைப்பார். ஒவ்வொரு செப்பின் தலையிலும் ஒரு குமிழ். துணியைச் சுற்றித் தைத்த சிறு பந்துகள். ஒரு குச்சி. அவ்வளவுதான் முதலீடு. பந்து இந்தச் செப்பிலிருந்து அந்தச் செப்புக்குப் போகும், மூன்றும் ஒன்றில் சேரும், கடைசியில் செப்பைத் தூக்கினால் பந்து இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருக்கும்.

நாங்கள் செப்படி வித்தை என்பதைப் பக்கத்து வீட்டு மலையாளத்துக்காரர் செப்படிவித்ய என்பார். கண்கட்டு என்றால் இரண்டு பேருக்கும் புரியும். எங்கள் பாலக்காடு மாவட்டம் இந்தக் கலையில் பெரிய கை. கேரள மாயவித்தையின் தந்தை என்று போற்றப்படும் வாழக்குன்னம் நம்பூதிரி (1903–1983) பட்டாம்பிப் பக்கம் திருவேகப்புறைக்காரர். செப்பும் பந்தும்தான் அவருக்கும் பேர் வாங்கித் தந்தவை.

கண்கட்டு என்ற சொல்லை நான் வெகுநாள் அப்படியே நம்பியிருந்தேன். ஏதோ வேகத்தால் கண்ணை ஏமாற்றுகிறார்கள் என்று. உண்மை வேறு. அந்தப் பெரியவரின் கை ஒன்றும் மின்னல் வேகத்தில் போவதில்லை. பல சமயம் நிதானமாகவே நகர்கிறது.

முதலில் கண்ணின் கதையைப் பார்ப்போம். கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவு வட்டம்தான், அதாவது சுமார் 2 டிகிரிதான், நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது. விழித்திரையின் நடுக்குழி பார்க்கும் பரப்பு அது. சுற்றிலும் இருப்பதெல்லாம் மங்கல். மங்கல் என்று நமக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், கண் நொடிக்கு மூன்று தடவை போல இடம் தாவிக்கொண்டே இருப்பது. தாவும் கணத்தில் மூளை பார்வையைத் தணித்துவிடும். இல்லையென்றால் உலகமே கலங்கித் தெரியும். நாம் முழுசாகப் பார்ப்பதாக நினைக்கும் காட்சி, துண்டு துண்டாகக் கிடைத்ததை மூளை ஒட்டித் தைத்தது.

ஆனால் வித்தைக்காரர் நம்பியிருப்பது இந்த மங்கலை மட்டுமல்ல. குஸ்தாவ் கூன், மைக்கேல் லேண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒருவர் பந்தை மேலே எறிந்து பிடிக்கிறார், மறுபடி எறிந்து பிடிக்கிறார். மூன்றாவது தடவை எறிவதுபோல் கையை மட்டும் வீசுகிறார், பந்து உள்ளங்கையிலேயே இருக்கிறது. தலையையும் கண்ணையும் மேலே ஓட்டுகிறார். பார்த்தவர்களில் 68 சதவீதம் பேர் பந்து மேலே போய் மறைந்ததைக் கண்ணால் கண்டோம் என்றார்கள். போகாத பந்தை! அதே வித்தையில் அவர் மேலே பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது அது 32 சதவீதமாகச் சுருங்கியது.

இதில் நான் அசந்துபோன இடம் இன்னொன்று. பார்ப்பவர்களின் கண் எங்கே போகிறது என்பதையும் அவர்கள் கருவி வைத்து அளந்தார்கள். பந்து ‘தெரிந்த’ உயரத்துக்குப் பெரும்பாலானவர்களின் கண் போகவே இல்லை. கண் ஏமாறவில்லை. ஏமாந்தது மனசு. கண்ணில் பட்டது மூளையில் பதிய நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. அந்தத் தாமதத்தை ஈடுகட்ட, அடுத்து என்ன நடக்கும் என்று மூளை முன்கூட்டியே கணித்து வைக்கிறது. சாலையைக் கடக்கவும் பந்தைப் பிடிக்கவும் நமக்கு உதவுவது அந்தக் கணிப்புதான். இரண்டு தடவை உண்மையாக எறிந்து அந்தக் கணிப்பை ஊட்டிவிட்டு, மூன்றாவது தடவை அதை அறுவடை செய்கிறார் வித்தைக்காரர்.

மற்றொரு கயிறு, முகம். எதிரில் இருப்பவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே பார்ப்பது கைக்குழந்தையிலேயே நமக்கு வந்துவிடும் பழக்கம். பெரியவர் யாரையாவது பார்த்து “எந்த ஊருங்க சாமி?” என்பார். கூட்டம் முழுக்க அவர் முகத்தைப் பார்க்கும், அப்புறம் அந்த ஆளைப் பார்க்கும். சிரிப்பு வந்துவிட்டால் இன்னும் நல்லது. சிரிக்கிறவன் காவல் காப்பதில்லை.

இதனால்தான் 2013இல் வந்த ‘தி இன்கிரெடிபிள் பர்ட் வொண்டர்ஸ்டோன்’ என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படம் எனக்கு அத்தனை ஏமாற்றம் தந்தது. லாஸ் வேகாஸ் மேடையில் கொடிகட்டிப் பறந்த வித்தைக்கார ஜோடி, அவர்களுக்குப் போட்டியாகத் தெருவில் உடம்பை வருத்திக் காட்டும் புது வித்தைக்காரர். ஸ்டீவ் கரெல், ஜிம் கேரி, ஆலன் ஆர்கின். நகைச்சுவையும் மாயமும் உடன்பிறந்தவை. இரண்டும் ஓர் எதிர்பார்ப்பை ஊட்டி, கடைசி நொடியில் திருப்பிவிடுகின்றன. அந்த உறவைத் தொடவே இல்லை படம். வித்தைக்காரர்களின் தலைமுடியையும் உடையையும் கிண்டல் செய்வதிலேயே பொழுது போகிறது.

படத்தில் ஒரு தூக்குமர வித்தை உண்டு. தொங்கியவரும் வெளியே நின்றவரும் கண்ணெதிரே இடம் மாறிவிடுகிறார்கள். உண்மையான மேடைக் கலைஞர் டேவிட் காப்பர்ஃபீல்டு உருவாக்கித் தந்தது, கேமராத் தந்திரம் இல்லாமல் எடுத்தது. ஆனாலும் மனசு அசையவில்லை. திரையில் எதையும் வெட்டி ஒட்டலாம் என்று நமக்குத் தெரியுமே! மேடை வித்தைக்காரராக இருந்து சினிமாவுக்கு வந்த ஜார்ஜ் மெலியே, 1896லேயே கேமராவை நிறுத்தி மறுபடி ஓட்டி ஒரு பெண்ணைத் திரையில் மறைய வைத்துவிட்டார். அன்றிலிருந்து திரையில் மறைவது அதிசயமில்லை. மேடையில் ‘இது முடியாது’ என்று நம் மனசு அடித்துச் சொல்லும், கண்ணோ ‘நடந்ததே’ என்று சாட்சி சொல்லும். அந்தச் சண்டைதான் மாயம். திரையில் அந்தச் சண்டை தொடங்குவதே இல்லை.

உச்சக்காட்சி இன்னும் மோசம். பார்வையாளர்களையே மறைய வைக்கும் வித்தை என்று, அவர்களை மயக்கித் தூங்கவைத்து, தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் உட்காரவைக்கிறார்கள். மாயவித்தைக்கு வேண்டியது விழித்திருக்கும் மூளை. தூங்குகிறவனிடம் ஊட்ட எதிர்பார்ப்பும் இல்லை, திருப்பக் கவனமும் இல்லை.

கேமராவுக்கும் வித்தைக்கும் உள்ள இந்தப் பகை பழசு. மெலியேவுக்கும் முன்னால், 1890களின் தொடக்கத்தில், ஆல்ஃபிரட் பினே என்ற பிரெஞ்சு உளவியலாளர் வித்தைக்காரர்களின் கைகளைத் தொடர் புகைப்படங்களாக எடுக்கவைத்தார். தனித்தனிப் படங்களில் மாயம் துளிகூட மிஞ்சவில்லை. பொருள் எந்தக் கையில் என்பது பச்சையாகத் தெரிந்தது. படத்துக்குப் பேச்சு கேட்காது, முகத்தைப் பார்க்கத் தோன்றாது, அடுத்தது என்ன என்ற எதிர்பார்ப்பும் கிடையாது.

இதைப் படித்த பிறகு, பெரியவரிடம் கேட்டுக்கொண்டு என் மகள் அவர் கையை மட்டும் போனில் மெதுவோட்டமாகப் படம்பிடித்தாள், நொடிக்கு 240 படம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். எல்லாம் தெரிந்தது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செப்பின் குமிழ். அதே கையின் மடிப்பில் மடங்கிக் கிடக்கும் பந்து. செப்பு தரையைத் தொடும்போது விரல் சற்றே விரிய, பந்து உள்ளே நழுவுகிறது. எலுமிச்சம்பழம் மடியிலிருந்து வந்தது.

மறுமுறை அவர் வந்தபோது முன்வரிசையில் குந்தி உட்கார்ந்தேன். வலது கையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று முடிவு. இரண்டு சுற்று ஒழுங்காகப் பிடித்தேன், பந்து நழுவுவதைக்கூடப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் அவர் நிமிர்ந்து, “பாப்பா இன்னைக்கு வல்லீங்களா?” என்றார். இல்லீங்க, பரீட்சை என்று சொல்லிவிட்டுக் குனிந்தேன். எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது.