பன்றி தானே பிடிக்கும் சாணை

கொடுங்கையூர் குப்பைமேட்டையும் வியாசர்பாடி கால்வாயையும் பார்த்து வளர்ந்த வடசென்னைக்காரர்களுக்குப் பன்றி ஒன்றும் புதுசு இல்லை. அதற்குப் பெயர் வைத்து, பெல்ட் கட்டி, மாடி வீட்டில் வளர்ப்பதுதான் புதுசு. வியட்நாமின் தொப்பைப் பன்றி 1980களில் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் செல்லப்பிராணி ஆனது. குட்டியாக வாங்கும்போது யாரும் அதன் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. இரண்டு மூன்று வயதில் உதட்டோரம் மஞ்சளாக ஒரு கூர் எட்டிப் பார்க்கும்போதுதான் கேள்வி வருகிறது: இதை வெட்டிவிடலாமா?

வளர்ந்த பன்றிக்கு 44 பற்கள். அதில் மேலே இரண்டு, கீழே இரண்டு கோரைப்பற்கள். யானைத் தந்தம் வெட்டுப்பல் வகை. பன்றியுடையதோ நம் வாயிலும் இருக்கிற அதே கோரைப்பல். என்ன, நமக்குப் பல் முளைத்து முடிந்ததும் வேர் நுனி குறுகி, வளர்ச்சி நின்றுவிடும். ஆண் பன்றிக்கு அந்த வேர் மூடுவதே இல்லை. தாடைக்குள் திறந்தபடி கிடக்கும் அடிப்பகுதியில் டென்டின் (பல்லின் உடல் ஆன பொருள்) படியப் படிய, பல் மேலே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இதை முடுக்கிவிடும். அதனால்தான் சின்ன வயதிலேயே விதை நீக்கிய பன்றிக்குக் கோரை மெதுவாக வளர்கிறது. பெட்டைக்கு வேர் ஒரு கட்டத்தில் மூடிவிடும். அதன் கோரைப்பல் பெரும்பாலும் உதட்டுக்கு வெளியே தெரிவதே இல்லை.

விஷயமே இனிமேல்தான். கீழ்க்கோரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணமாக இருக்கும். அதில் இரண்டு பக்கத்துக்குத்தான் எனாமல் பூச்சு. பின்பக்கம் வெறும் டென்டின். மேல்கோரை வெளிப்பக்கமாகத் திரும்பி மேல்நோக்கி வளைவதால், வாயை மூடும்போதெல்லாம் இந்தப் பின்பக்கத்தில் உரசும். மென்மையான டென்டின் முதலில் தேயும், கெட்டியான எனாமல் விளிம்பு நிற்கும். சாணைக்கல்லில் கத்தி ஒரு பக்கம் தேய்ந்து கூர் ஏறுவது போலத்தான். ஆண் பன்றி முறைத்துக்கொண்டு வாயை மெல்லும்போது கேட்கிற ‘கடக் கடக்’ சத்தம் இந்த உரசல்தான். அப்போது வழிகிற நுரையில் பெட்டையை மயக்கும் ஆண்ட்ரோஸ்டீனோன் என்ற வாசனைப்பொருள் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு அது வெறும் நாற்றம்.

உரசல் நின்றால் என்ன ஆகும்? பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் வேண்டுமென்றே பன்றியின் மேல்கோரையைத் தட்டி எடுத்துவிடுவார்கள். தேய்க்க ஆளில்லாத கீழ்க்கோரை வட்டமாகச் சுருண்டு வளரும். சிலவற்றில் தாடையையே துளைத்துக்கொண்டு போகும். அந்த நாட்டுக் கொடியிலேயே அந்தச் சுருள் கோரை இருக்கிறது. நம் வீட்டுப் பன்றிக்கு மேல்கோரை உடைந்துபோனாலும், கோணலாக முளைத்தாலும் இதே கதைதான். கோரை கன்னத்தை அழுத்துகிறதா, நுனி பட்டுப் புண் இருக்கிறதா என்று அவ்வப்போது உதட்டை விலக்கிப் பார்க்க வேண்டும். வயிற்றைச் சொறிந்துவிட்டால் பெரும்பாலான தொப்பைப் பன்றிகள் சாய்ந்து படுத்துவிடும். அதுதான் நேரம்.

வெட்டுவது என்று முடிவானால், தயவுசெய்து கட்டிங் பிளேயரைத் தொடாதீர்கள். கோரையின் நடுவே ரத்தக்குழாயும் நரம்பும் உள்ள பற்கூழ் ஓடுகிறது. பிளேயர் பல்லை அறுக்காது, நசுக்கும். விரிசல் நெடுக்காக ஈறுக்குக் கீழே வரை இறங்கும். கூழ் திறந்துகொண்டால் அந்த வழியாகக் கிருமி புகுந்து தாடை எலும்பில் சீழ் கட்டும். தாடைக்கு அடியில் வீக்கம், வாயில் துர்நாற்றம், ஒரே பக்கமாக மெல்லுவது எல்லாம் அதன் அறிகுறிகள். அப்படியே பிடுங்கிவிடலாம் என்றால் அதுவும் சுலபமில்லை: கோரையின் பெரும்பகுதி தாடைக்குள்தான் வளைந்து கிடக்கிறது, தாடையே உடையும் ஆபத்து உண்டு.

கால்நடை மருத்துவர்கள் மயக்கம் கொடுத்து, முறுக்குக் கம்பி ரம்பத்தால் இழுத்து இழுத்து அறுப்பார்கள். கம்பி சூடேறும் என்பதால் தண்ணீர் விடுவதும் உண்டு. ஈறோடு ஒட்ட வழிக்காமல் கொஞ்சம் விட்டு, கூழ் எட்டாத நுனியை மட்டும் எடுத்து, விளிம்பை அரத்தால் மழுக்கிவிட்டால் போதும். வளர்கிற பல் என்பதால் மறுபடி வரும். வேகமாக வளர்கிறவற்றுக்கு வருடம் ஒரு தடவை தேவைப்படலாம்.

நம் ஊரில் பக்கத்திலேயே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903இல் தொடங்கியது. ஆனால் முன்கூட்டியே பேசி, எந்த மாதம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பன்றி வியர்த்து உடம்பைக் குளிர்விக்க முடியாத பிராணி. அக்கினி நட்சத்திர வெயிலில் ஆட்டோவில் ஏற்றி, அது கத்திப் போராடி, அதற்கு மேல் மயக்க மருந்தும் என்றால் உடம்பு சூடேறி உயிருக்கே ஆபத்தாகலாம். அவசரம் இல்லையென்றால் மார்கழி, தை மாதத்தில் காலையிலேயே கொண்டுபோங்கள்.